உடல் அறிந்ததும் ஆங்கிலம் சொன்னதும்: பிலிப்பைன்ஸ் சிறுகதைகளும் நிகழ்வியல் வாசிப்பும்

1901 ஆகஸ்டில் 'தாமஸ்' என்ற அமெரிக்க ராணுவக் கப்பல் ஏறத்தாழ 500 ஆசிரியர்களை மணிலாவில் கொண்டுவந்து இறக்கியது. 1898 பாரிஸ் ஒப்பந்தத்தின்படி ஸ்பெயினுக்கு இரண்டு கோடி டாலர் கொடுத்துத் தீவுகளைப் பெற்ற அமெரிக்கா, தன்னை எதிர்த்துப் போரிட்ட மக்களை ஒருபுறம் ஒடுக்கிக்கொண்டே மறுபுறம் அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது. 1908-இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் வந்தது. 1925-இல் பாஸ் மார்க்கெஸ் பெனிடெஸ் 'இறந்த நட்சத்திரங்கள்' கதையை வெளியிட்டார். பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி முழுமையாக வெற்றிபெற்ற முதல் நவீனச் சிறுகதையாக இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பள்ளியில் புகுந்த ஒரு மொழி கால் நூற்றாண்டுக்குள் கலையின் மொழியாகிவிட்டது. அதற்கு அடுத்த கால் நூற்றாண்டில் மனுவேல் அர்கில்யா, பிரான்சிஸ்கோ அர்செல்யானா, என்.வி.எம். கொன்சாலெஸ், நிக் ஹோக்கின், பியன்வெனிடோ சாண்டோஸ் என்று ஒரு பெரும் வரிசையே எழுந்தது. இவர்களுடைய கதைமாந்தர் பசித்ததும் பயந்ததும் காதலித்ததும் இலோக்கானோவிலோ தாகலோக்கிலோ விசாயன் மொழிகளிலோதான். எழுதப்பட்டது மட்டும் ஆங்கிலத்தில். வாழ்ந்த மொழிக்கும் எழுதிய மொழிக்கும் இடையில் இருக்கும் இந்தத் தூரத்தை விமர்சனம் எப்படிக் கடந்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. அந்தத் தூரத்தை மிக நெருங்கிப் பார்க்கும் வழி நிகழ்வியல் வாசிப்பு என்பது என் எண்ணம். ஆனால் அதன் மூலவர்கள் சொன்ன வடிவில் அதை அப்படியே பிலிப்பைன்ஸுக்கு எடுத்துச்செல்ல முடியாது.

முதலில், ஏற்கெனவே இருந்த வழிகள். 1940-இல் சால்வடோர் லோபெஸ் 'இலக்கியமும் சமூகமும்' என்ற கட்டுரைத் தொகுப்பில், ஹோசே கார்சியா வில்யா முன்வைத்த தூய கலைக் கோட்பாட்டை எதிர்த்து எழுத்தாளனின் சமூகப் பொறுப்பை வலியுறுத்தினார். அன்று தொடங்கிய வழக்கு பல வடிவங்களில் இன்றும் நடக்கிறது. அயோவாவில் படித்துத் திரும்பிய எடில்பெர்ட்டோ, எடித் தியெம்போ தம்பதியர் 1962-இல் துமகெட்டே நகரின் சில்லிமன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எழுத்துப் பட்டறை அமெரிக்கப் புதுத் திறனாய்வைப் பல தலைமுறை எழுத்தாளர்களுக்குப் பழக்கியது. கதை ஒரு முழுமையான கட்டுமானம். அதன் முரண்களையும் படிமங்களையும் ஒருமையையும் கண்டுகாட்டுவதே விமர்சகரின் வேலை என்பது அந்தப் பள்ளியின் பாடம். மிகேல் பெர்னாட் 1961-இலும் லியனார்ட் காஸ்பர் 1962-இலும் 1966-இலும் வெளியிட்ட நூல்கள் இந்த எழுத்துகளை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தின. எதிர்முனையில் நின்று ஈ. சான் ஹுவான் மார்க்சிய நோக்கில் வர்க்கத்தையும் பேரரசையும் கதைகளுக்குள் தேடினார்.

இரு தரப்புக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இரண்டுமே அனுபவத்தின் மேல் நிற்காமல் விரைந்துவிடுகின்றன. ஒன்று அதை வடிவத்துக்குக் கொண்டுபோகிறது, மற்றது கருத்துக்கு. கதைக்குள் ஒருவருக்கு உலகம் எப்படித் தோன்றுகிறது என்ற இடத்தில் இரண்டும் போதிய நேரம் தங்குவதில்லை.

நிகழ்வியல் அங்கே தங்குகிறது. எட்மண்ட் ஹுஸ்ஸெர்ல் கேட்ட கேள்வி எளிது: பொருள் எது என்று முடிவு கட்டுவதற்கு முன்பு, அது உணர்வுக்கு எவ்வாறு தோன்றுகிறது? அதைக் காண, உலகத்தைப் பற்றி நாம் முன்கூட்டியே வைத்திருக்கும் நம்பிக்கைகளைச் சற்று நிறுத்திவைக்கச் சொன்னார். ஒரு பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் ஒரே நேரத்தில் நாம் பார்ப்பதில்லை. ஒரு பக்கம்தான் கண்ணில் படும், மற்றவற்றை உணர்வு தானாகச் சேர்த்துக்கொள்ளும். அவருடைய மாணவர் ரோமன் இங்கார்டன் 1931-இல் இதை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தார். எந்தப் படைப்பும் பொருள்களை முழுதாகத் தருவதில்லை, நிரப்பப்படாத இடங்களை விட்டே தருகிறது, வாசிப்பில்தான் அவை உருக்கொள்கின்றன என்றார். வொல்ஃப்காங் ஈஸர் 1970-களில் அந்த இடைவெளிகளை வாசிப்பின் இயந்திரமாகவே விளக்கினார். ஜெனீவாப் பள்ளியின் ஜார்ஜ் பூலே, வாசிக்கும்போது வேறொருவரின் உணர்வு என்னுள் சிந்திக்கிறது என்று கருதினார். மெர்லோ-பொன்ட்டியோ 1945-இல் இன்னும் ஓரடி இறங்கி, அறிவது மனம் மட்டுமல்ல, உடலும்தான் என்று காட்டினார்.

இவை அனைத்தையும் ஒரு கதையில் சோதிக்க வேண்டுமானால் நான் அர்கில்யாவின் 'என் அண்ணன் லியோன் மனைவியை அழைத்துவந்த விதம்' கதையைத்தான் எடுப்பேன். லா யூனியன் மாகாணத்து நக்ரெப்கான் கிராமத்தில் பிறந்தவர் அர்கில்யா. இந்தக் கதையைத் தலைப்பாகக் கொண்ட அவருடைய தொகுப்பு 1940-இல் பரிசு பெற்றது. நான்கு ஆண்டுகளில் ஜப்பானியப் படை அவரைக் கொன்றது.

கதையில் நடப்பது மிகக் குறைவு. நகரத்தில் படித்த அண்ணன் நகரத்துப் பெண் மரியாவை மணந்து ஊருக்கு வருகிறான். தம்பி பால்டோ மாட்டுவண்டியில் அழைத்துவரப் போகிறான். தந்தையின் கட்டளைப்படி பெருஞ்சாலையை விட்டு, காய்ந்த ஆற்றுப்படுகையான வைக் வழியே ஓட்டுகிறான். மருமகளுக்கு வைத்த பரீட்சை அது என்று எல்லா உரைகளும் சொல்கின்றன. நகரமும் கிராமமும், மரபும் நவீனமும் என்று இதைப் பிரித்துவிடுவது எளிது. வகுப்பறைகளில் அப்படித்தான் பிரிக்கிறார்கள்.

பால்டோவின் புலன்களோடு சேர்ந்து போனால் கதை வேறாகிறது. மரியாவின் மனத்துக்குள் ஒருமுறைகூட நாம் நுழைவதில்லை. அவளுடைய உயரம் தெரிகிறது. பப்பாளி பூத்திருக்கும் காலைப்பொழுதின் மணம் அவளிடமிருந்து வருகிறது. லபாங் என்ற காளையின் நெற்றியைத் தொடச் சொல்லும்போது அவள் தயங்குகிறாள்; அவளுடைய கண்கள் அதன் நீண்டு வளைந்த கொம்புகளின் மேல் இருப்பதைச் சிறுவன் பார்க்கிறான். ஹுஸ்ஸெர்ல் பெட்டியை வைத்துச் சொன்னது இங்கே மனுஷியின் விஷயத்தில் நடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தெரிகிறது, மீதியைச் சிறுவனும் நாமும் சேர்த்துக்கொள்கிறோம். இருட்டில் வண்டி அசைகிறது, சக்கரங்களுக்கிடையே விளக்கு ஆடுகிறது, நட்சத்திரம் நகரத்துக் கடற்கரையில் தெரிந்ததைவிடப் பெரிதாகத் தெரிகிறது. மரியா ஊரை அறிமுகமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. உடம்பு குலுங்கி, மூச்சில் வயலின் வாசம் ஏறி அது அவளுக்குள் வருகிறது.

பிறகு வருவது இந்தக் கதையின் உச்சம் என்று நினைக்கிறேன். வீட்டில் தந்தை இருட்டறையில் அமர்ந்து பால்டோவை விசாரிக்கிறார். லபாங்கைக் கண்டு அவள் பயந்தாளா என்று கேட்கிறார். அந்தக் கணத்தில் சிறுவனின் நினைவில் கொம்புகளைப் பார்த்த அவளுடைய கண்கள் மீண்டும் எழுகின்றன. இல்லை அப்பா, பயப்படவில்லை என்று சொல்கிறான். நினைவு ஒன்றைக் காட்டுகிறது, நாக்கு வேறொன்றைச் சொல்கிறது. கதாசிரியர் விளக்கம் எதுவும் தருவதில்லை. இங்கார்டன் சொன்ன நிரப்பப்படாத இடம் இதுதான். தேர்வு எழுதியவள் மரியா மட்டும் அல்ல. பால்டோவும் அந்த இரவில் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டான். கட்டளையை நிறைவேற்றிய பிள்ளை அண்ணிக்காக முதல் பொய்யைச் சொல்கிறான். மரபும் நவீனமும் என்ற பிரிப்பில் இந்த இடம் கண்ணுக்கே படாது.

இந்தக் கதையில் வைக், கரத்தேலா, மனோங் போன்ற ஊர்ச்சொற்களுக்கு அர்கில்யா பொருள் தந்து நிற்பதில்லை. அதனால் ஈஸரின் வாசகர் என்ற கருத்து இங்கே சிக்கலாகிறது. இலோக்கோஸ் வாசகருக்கு அவை இடைவெளிகளே அல்ல. மணிலா வாசகருக்குப் பாதி தெரியும். அமெரிக்க வாசகருக்கு அவை முழு இருட்டு. ஒரே பக்கத்தில் மூன்று வெவ்வேறு கதைகள் உருக்கொள்கின்றன. ஜெர்மன் அறிஞர் பொதுவான ஒரு வாசகரை மனத்தில் வைத்து எழுதினார். 170-க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் தீவுக்கூட்டத்தில் அப்படி ஒரு பொதுவாசகர் கிடைக்கமாட்டார்.

'இறந்த நட்சத்திரங்கள்' கதையில் காலமே பொருள். அல்ஃப்ரெடோ சலசார் எஸ்பெரான்சாவுக்கு நிச்சயிக்கப்பட்டவன், ஜூலியா சலாஸிடம் மனம் சாய்ந்தவன். எட்டு ஆண்டுகள் கழித்து ஏரிக்கரை ஊரொன்றில் ஜூலியாவைச் சந்திக்கும்போது உள்ளே எதுவும் அசையவில்லை. எப்போதோ அணைந்த நட்சத்திரத்தின் ஒளியைத்தான் இத்தனை காலம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இப்போது இல்லாத ஒன்று இப்போது தெரிகிறது என்ற இந்த முரண், காலவுணர்வு பற்றி ஹுஸ்ஸெர்ல் ஆற்றிய உரைகளின் நடுமையம். அவை அச்சானது 1928-இல். மணிலாவில் கதை வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தாக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தத்துவம் தேடியதைக் கதை தன் வழியில் கண்டது.

அர்செல்யானாவின் 'பாய்கள்' கதையை இதற்கு அருகில் வைத்துப் படிக்க வேண்டும். தென்பகுதிக்குப் பயணம் போய்த் திரும்பும் அங்கேலெஸ், தன் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் பெயர் நெய்த பாய் கொண்டுவருகிறார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக விரித்து மகிழ்கிறார்கள். எல்லோருக்கும் கிடைத்த பிறகும் கட்டுக்குள் மூன்று பாய்கள் மிஞ்சுகின்றன. ஹோசெஃபினா, விக்டோரியா, கன்செப்சியோன் என்று இறந்துபோன மூன்று பெண்களுக்கானவை. இல்லாமையும் ஒரு பொருளைப் போலவே அனுபவத்துக்குக் கிடைக்கிறது என்று சார்த்தர் நீளமாக வாதாடியதை, படுக்க ஆளில்லாத மூன்று பாய்கள் சில வரிகளில் நடத்திவிடுகின்றன. அம்மாவின் முகத்தைப் பார்த்த பிள்ளைகளோடு நாமும் அந்த அறையில் இடம் விட்டு உட்கார்கிறோம்.

கொன்சாலெஸின் 'உப்பு ரொட்டி'யில்தான் நிகழ்வியலுக்கு உண்மையான சோதனை. பதினான்கு வயதுச் சிறுவன் தினமும் விடியலில் பதினைந்து சென்டாவோக் காசை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போகிறான். வழியில் வயதான ஸ்பானியர் ஒருவரின் மதில் சூழ்ந்த வீடு. சிறுவனின் தாத்தா வாழ்வின் கடைசி முப்பது ஆண்டுகளை அந்த ஸ்பானியரின் தென்னந்தோப்பைக் காப்பதில் கழித்தவர். அந்த வீட்டில் வளரும் உறவுப்பெண் ஆயிடாவை இவன் காதலிக்கிறான், வயலின் கற்கிறான், வாத்தியக்குழுவில் சேர்கிறான். பெரிய வீடொன்றின் விருந்தில் வாசிக்கப் போனபோது மேசை நிறைந்த இனிப்புகளைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைக்குள் மறைக்கிறான். ஆயிடா பார்த்துவிடுகிறாள். கடிந்துகொள்ளவில்லை. எல்லோரும் போகட்டும், பெரிய பொட்டலமாகக் கட்டித் தருகிறேன் என்கிறாள்.

1943-இல் சார்த்தர் வெட்கத்தை விளக்கியபோது, சாவித் துவாரத்தில் கண் வைத்திருப்பவன் பின்னால் காலடி கேட்டுத் திடுக்கிடுவதைக் காட்டினார். மற்றவரின் பார்வை விழும்போது நான் எனக்கே பொருளாகிவிடுகிறேன் என்றார். ஆயிடாவின் காட்சிக்கு இது அப்படியே பொருந்துவதுபோல் தெரியும். நானும் இதை வைத்தே விளக்கத் தொடங்குவேன். ஆனால் சார்த்தரின் ஒற்றன் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். கொன்சாலெஸின் சிறுவன் அப்படி அல்ல. அவனைச் சுட்டது அவளுடைய கருணை. திருடன் என்று அழைத்திருந்தால்கூட அவன் காதலனாக இருந்திருப்பான். பொட்டலம் கட்டித் தருகிறேன் என்றதும், வீட்டு வேலையாட்களுக்கு மீந்த பலகாரம் கொடுத்தனுப்பும் குரல் அதில் கேட்டுவிடுகிறது. முப்பது ஆண்டுகள் தோப்புக் காத்த தாத்தாவின் இடத்தில் பேரன் வந்து நிற்கிறான்.

இங்கே வரலாற்றை நிறுத்திவைத்துவிட்டு அனுபவத்தை மட்டும் பார்க்கிறேன் என்று சொன்னால், பார்க்க வேண்டிய அனுபவமே காணாமல் போகும். மதில், தோப்பு, ஸ்பானிய வீடு ஆகியவை அந்த வெட்கத்துக்கு வெளியிலிருந்து வந்த விளக்கங்கள் அல்ல. வெட்கம் எந்த உருவில் உடம்பில் ஏறியது என்பதே அவைதான். ஃபிரான்ஸ் ஃபனோன் 1952-இல் கறுப்பின மனிதனின் வாழ்ந்த அனுபவத்தை எழுதியபோது மெர்லோ-பொன்ட்டியின் உடல் பற்றிய சிந்தனையில் இந்தக் குறையைத்தான் சுட்டினார். காலனியத்துக்கு உட்பட்ட உடம்பு உலகத்தை எட்டிப் பிடிக்கும் முன்பே அதன் மேல் ஒரு பார்வை படிந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் கதைகளை வாசிக்க ஹுஸ்ஸெர்லோடு ஃபனோனும் வேண்டும்.

இன்னொரு துணை மணிலாவிலேயே இருக்கிறது. விமர்சகர்கள் போதிய அளவு அதன் பக்கம் திரும்பவில்லை என்பது என் ஆதங்கம். அத்தேனியோ பல்கலைக்கழகத்தில் இயேசு சபைத் துறவி ரோக்கே ஃபெரியோல்ஸ் 1969 முதல் தத்துவத்தை நாட்டு மொழியிலேயே கற்பித்தார். நூலில் இருக்கும் கருத்தை மனப்பாடம் செய்வதை விட்டு, தானே பார்த்ததைத் தன் மொழியில் சொல்லப் பழக்குவதாக அவருடைய வகுப்பு இருந்தது. ரெய்னால்டோ இலெட்டோ 1979-இல் வெளியிட்ட 'பாசியோனும் புரட்சியும்' நூல் இலக்கிய விமர்சனம் அல்ல, வரலாறு. ஆயினும் ஏசுவின் பாடுகளைப் பாடிவந்த எளிய மக்களுக்குப் புரட்சி எவ்விதமாகத் தோன்றியது என்று அந்தப் பாடல் வழியே கேட்டது. உள்ளம், ஒளி, இரக்கம் குறித்து அவர்கள் கொண்டிருந்த உணர்வுகளை மேலோரின் ஆவணங்களுக்கு மேலாக மதித்தது. இலக்கியத்தில் நான் எதிர்பார்க்கும் வாசிப்புக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடையாது. தோன்றுவதைத் தோன்றுபவருடைய சொற்களில் விளக்கவும் முடியும், அதை வரலாற்றோடு கட்டவும் முடியும் என்று அவர் காட்டிவிட்டார்.

இதே எழுபதுகளில் பிலிப்பைன்ஸ் மனம் என்ற ஒரே சாரத்தை மொழியிலிருந்து பிழிந்தெடுக்கும் முயற்சிகளும் நடந்தன. அவற்றை அப்படியே கதைகளின் மேல் போர்த்துவது எனக்கு உடன்பாடில்லை. நக்ரெப்கான் சிறுவனும் கொன்சாலெஸின் வயலின் சிறுவனும் ஒரே சாரத்தின் இரு எடுத்துக்காட்டுகள் ஆகிவிட்டால் இரண்டு கதையும் செத்துப்போகும்.

பூலேயின் கருத்துக்கும் இந்த மண்ணில் வேறு எடை உண்டு. வேறொருவரின் 'நான்' என்னுள் வந்து சிந்திக்கிறது என்று அவர் வியப்போடு சொன்னார். அமெரிக்கப் பாடநூலைக் கையில் ஏந்திய தீவுக் குழந்தைக்கு அந்த விருந்தாளி அழைக்காமல் வந்தவன். பின்னாளில் ஹெமினோ அபாட் போன்ற கவிஞர்-விமர்சகர்கள் ஆங்கிலம் இனி எங்களுடையது, எங்கள் மண்ணில் நின்றே அதில் எழுதுகிறோம் என்று உறுதியாக வாதிட்டார்கள். சிறுகதைகளைப் பெருந்தொகுதிகளாகத் திரட்டியும் தந்தார்கள். அவர்கள் சொன்னது அர்கில்யாவுக்கு முழுக்கப் பொருந்துகிறது. எல்லோருக்கும் பொருந்துமா என்றால், சாண்டோஸின் கதைமாந்தர் தயங்குவார்கள்.

சாண்டோஸ் 1941-இல் படிக்க அமெரிக்கா போய், போரினால் அங்கேயே தங்க நேர்ந்தவர். அவருடைய 'ஆப்பிள் மணம்' கதையில், கலமசூ நகரத்தில் பேச வந்தவரைச் செலெஸ்தினோ ஃபாபியா என்ற விவசாயி தன் பண்ணைக்கு அழைத்துப்போகிறார். அமெரிக்க மனைவி, ஒரு மகன், விற்கமுடியாமல் அழுகும் ஆப்பிள்கள். அறையெங்கும் அந்த மணம். யாரென்று தெரியாத ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் மங்கிய படம் சுவரில். மணம் என்பது அருகில் இருப்பதன் அடையாளம். இந்தக் கதையிலோ அது தொலைவை நிரப்புகிறது. ஊரில் சொல்லியனுப்பட்டுமா என்று கேட்டால், என்னை யாருக்கும் நினைவிருக்காது என்று மறுத்துவிடுகிறார். தன்னை நினைக்கும் உணர்வு எங்கும் இல்லை என்று அறிந்த மனிதர் எந்த 'நானாக' இருக்கிறார்? ஜெனீவாப் பள்ளியின் கருவிப்பெட்டியில் இதற்கான கருவி இல்லை.

பெண்ணின் உடலைப் பற்றிப் பேசாமல் இந்த ஆய்வு நிறையாது. மெர்லோ-பொன்ட்டி சொன்ன உடல் ஆணுடல்தான் என்பதை ஐரிஸ் மேரியன் யங் 1980-இல் எழுதிய கட்டுரை தெளிவாக்கியது. பெண் தன் உடலை ஒரே சமயத்தில் தனதாகவும் பிறர் பார்க்கும் பொருளாகவும் வாழ நேர்கிறது என்றார். செபுவைச் சேர்ந்த எஸ்ட்ரெல்யா அல்ஃபோனின் 'மாண்பு' கதை இதற்கு உயிருள்ள சான்று. பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரவும் பென்சில் வாங்கித்தரவும் வரும் விசென்டேயை வீடு முழுவதும் நம்புகிறது. அவனுடைய குணத்தைக் கதை தொடக்கத்தில் மெச்சவே செய்கிறது. அவன் கைகள் பெரியவை என்பது சிறுமிக்கு ஒரு செய்தி மட்டுமே. ஒருநாள் தாய் அறைக்குள் வரும்போது, யாரும் எதுவும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. குழந்தைக்குப் புலப்பட்டும் பொருள்படாத ஒன்று தாயின் உடலில் பொருளாகிறது. அவள் நிதானமாக அவனை அறைந்துகொண்டே தெருவுக்குத் தள்ளுகிறாள். பிறகு குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள். அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று அல்ஃபோன் சொல்லவில்லை. பெண் வாசகர்கள் கேட்கவும் மாட்டார்கள்.

ஹோக்கினின் 'கோடைத் திருப்பம்' கதையில் தத்தாரின் என்ற சடங்கில் ஆடிவந்த தோன்யா லுபெங் இறுதியில் கணவனைத் தன் பாதத்தை முத்தமிட வைக்கிறாள். இதைப் பெண்ணெழுச்சி என்று கொண்டாடுவோரும், ஆணின் கற்பனை என்று ஒதுக்குவோரும் உண்டு. நான் இரண்டாமவர்களோடு பாதி உடன்படுகிறேன். கதை லுபெங்கின் உடலை வெளியிலிருந்து கண்கொட்டாமல் பார்க்கிறது. அந்த உடலுக்குள் ஆட்டம் எப்படி இருந்தது என்பது கிட்டத்தட்ட நமக்குத் தெரிவதில்லை. ஹோக்கினின் மொழி வளத்தில் மயங்கிய விமர்சனம் இந்த இடத்தில் தன் கேள்வியைக் கூர்மையாக்கியிருக்க வேண்டும்.

ஆய்வேடுகளில் நிகழ்வியல் முறைக்கு நேரும் கதி தனி வருத்தம். எழுத்தாளர் பிரில்யாந்தெஸ் படைத்த மருத்துவர் லசாரோ இரவில் மகனோடு காரில் போய், காப்பாற்ற முடியாத பச்சிளங்குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் கதையை எடுத்து, மரணத்தை நோக்கிய இருப்பு என்று ஹைடெகரின் சீட்டை ஒட்டினால் வேலை முடிந்துவிடுகிறது. மகன் அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது நம்பிக்கையிழந்த தந்தையின் கண்ணுக்கு அது எப்படிப் பட்டது, திரும்பும் வழியில் இருவருக்கும் இடையே இருந்த அமைதி எத்தன்மையது என்பதெல்லாம் சீட்டுக்கு அடியில் மறைந்துபோகின்றன.

மிச்சமிருக்கும் பெரிய வேலை மொழிகளுக்கிடையே இருக்கிறது. பெனிடெஸும் அர்கில்யாவும் ஆங்கிலத்தில் எழுதிய அதே ஆண்டுகளில், 1922-இல் தொடங்கிய 'லிவாய்வாய்' இதழ் தாகலோக் கதைகளை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. தியோக்ராசியாஸ் ரொசாரியோ போன்றவர்கள் அந்த மொழியில் நவீனக் கதையைச் செதுக்கினார்கள். செபுவானோவிலும் ஹிலிகைனோனிலும் இலோக்கானோவிலும் இதழ்களும் கதைகளும் இருந்தன. ஒரே பத்தாண்டின் மணமும் வெட்கமும் பயமும் ஆங்கிலத்தில் எப்படித் தோன்றின, பக்கத்து மொழியில் எப்படித் தோன்றின என்று பக்கம்பக்கமாக வைத்துப் படிக்கும் பழக்கம் இன்னும் வலுப்பெறவில்லை. பால்டோவின் இரவை இலோக்கானோவில் எழுதிய கதையொன்றோடு சேர்த்துப் படிக்கும் விமர்சகர், ஆங்கிலம் எதைப் பிடித்தது, எதை விட்டது என்பதை ஊகமாக இல்லாமல் வரி வரியாகக் காட்டலாம். அதற்கு இரண்டு மொழியும் தெரிந்த, கதைமாந்தரின் மூச்சோடு பொறுமையாக நடக்கக்கூடிய வாசகர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மணிலாவைவிட இலோக்கோஸிலும் விசாயாஸிலும்தான் அதிகம் இருப்பார்கள்.